பழைய வீட்டுத் தளம்: பள்ளம், பொருமல், ஓதம் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டு வீடுகள், புதுச்சேரியின் பழைய தெருக்கள், சென்னை ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் என்று எங்கே போனாலும் தரையைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. வீட்டுக்காரர்களும் மேஸ்திரிகளும் கேட்டதைக் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். மேலே தெரியும் கல்லை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருக்கும் தளத்தைப் பற்றித்தான் பேச்சு. பொருமல் என்றால் பிடிப்பு விட்டுப் பொள்ளலான இடம், ஓதம் என்றால் தரையிலும் சுவரிலும் ஏறும் ஈரம். அது சரியாக இருந்தால் மேலே எதைப் பதித்தாலும் நிற்கும்.

1. எங்க வீடு தாத்தா கட்டினது. தரைக்கு அடியில இருக்கறது சிமெண்ட் கான்கிரீட்டா, சுண்ணாம்பா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் வீட்டின் வயதைப் பாருங்கள். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முயற்சி 1904-இல் சென்னையில்தான் தொடங்கியது, ஆனால் அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் வந்த ஆலைதான் தொழிலாக நின்றது. ஆகவே அதற்கு முந்தைய வீடு என்றால் அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரைத் தளம் இருக்கவே வாய்ப்பு அதிகம். 1920 முதல் 1950 வரை கட்டிய வீடுகளில் இரண்டும் கலந்து வரும். அடியில் சுண்ணாம்புத் தளம், மேலே சிமெண்ட்டில் செய்த ஆத்தங்குடிக் கல் அல்லது ரெட் ஆக்சைடு பூச்சு என்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடிய அமைப்பு.

சந்தேகம் இருந்தால், கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு கல்லை மட்டும் பெயர்த்துப் பாருங்கள். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, உடைந்த செங்கல் துண்டுகளோடு, ஆணியால் கீறினால் பொடி உதிர்ந்தால் அது சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், கருங்கல் ஜல்லியோடு, ஆணி வழுக்கிக்கொண்டு போனால் சிமெண்ட். எலுமிச்சைச் சாறு விட்டு நுரை வருகிறதா என்று சிலர் பார்ப்பார்கள். அதை நம்ப வேண்டாம். வயதான சிமெண்ட்டும் நுரைக்கும்.

2. தரை ஒரே மட்டமா இல்லை. கட்டாயம் மட்டம் பண்ணியே ஆகணுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் அது பள்ளமா, வாட்டமா என்று பிரித்துப் பாருங்கள். வளவு என்ற உள்முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள தாழ்வாரம், சமையற்கட்டு, பின்கட்டு இவற்றில் தண்ணீர் முற்றத்துக்கோ தூம்பு என்ற வடிகால் துவாரத்துக்கோ ஓட வேண்டும் என்றுதான் கட்டினவர்கள் வாட்டம் விட்டார்கள். அதை மட்டம் செய்தால் அடுத்த மழையில் தண்ணீர் சுவரோரம் நிற்கும். வேலை முடிந்து ஆளை அனுப்பிய பிறகுதான் இது தெரியவரும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. டியூப் மட்டம், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், போதும். ஒரு சுவரில் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் பென்சில் குறி வைத்து, அதே மட்டத்தை நான்கு சுவருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் குறிகளுக்கு இடையே நூல் கட்டி, இரண்டடிக்கு ஒரு புள்ளி வீதம் நூலிலிருந்து தரை வரை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பக்கமாகச் சீராக இறங்கினால் வாட்டம். நடுவில் மட்டும் இறங்கித் திரும்ப ஏறினால் பள்ளம். அறை முழுதும் அரை அங்குலம் ஏற்ற இறக்கம் என்றால் நான் கை வைக்கச் சொல்ல மாட்டேன். மேஜைக் காலுக்கு அடியில் ஒரு சிறு கட்டை வைப்பது எவ்வளவோ மேல்.

3. பள்ளம் ஏன் விழுது? நல்லாக் கட்டின வீடுதானே?

வீடு நன்றாகத்தான் கட்டியிருப்பார்கள். பிறகு அடியில் மண் போயிருக்கும். நான் அதிகம் பார்ப்பது கழிவுநீர்க் குழாய். பழைய வீட்டுக்குள் புதிதாகக் குளியலறை வைத்து, அதன் குழாயை அறைக்கு அடியில் கொண்டுபோயிருப்பார்கள். இணைப்பு ஒன்று கசிந்து, நிரப்பிய மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கும். அடுத்த காரணம் பெருச்சாளி வளை. அதற்கடுத்தது கரையான்: அது சுண்ணாம்பைத் தின்னாது, ஆனால் அடிமண்ணைக் குடைந்து பொள்ளலாக்கிவிடும். கரிசல் மண் என்றால் கோடையில் சுருங்கி மழையில் உப்பும், தளமும் அதோடு ஏறி இறங்கும்.

காரணம் தெரியாமல் பள்ளத்தை நிரப்பினால் போட்ட கலவையும் சேர்ந்து இறங்கும். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். ஒரு கோடை, ஒரு மழை தாண்டியும் கண்ணாடி உடையவில்லை என்றால் அசைவு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். உடைந்தால் தளத்தைத் தொடாமல் முதலில் மண்ணையும் அஸ்திவாரத்தையும் பாருங்கள்.

4. தட்டினா சில இடத்துல 'பொத்து பொத்து'ன்னு கேக்குது. மொத்தத்தையும் உடைச்சுடலாம்னு மேஸ்திரி சொல்றார்.

மொத்தமாக உடைத்துவிட்டால் வேலை அவருக்கு எளிது. உங்களுக்கு அது இழப்பு. சுத்தியலின் மரக் கைப்பிடியால் அரையடிக்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடத்தில் சத்தம் மங்கும். மங்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். முடிவில் எழுந்து நின்று பார்த்தால், மோசமாகக் கெட்டுப்போனதாக நினைத்த அறையிலும் கோட்டுக்குள் வருவது கொஞ்ச இடம்தான்.

பொள்ளல் சத்தத்திலும் இரண்டு வகை உண்டு. மேல் கல் மட்டும் தளத்தை விட்டுப் பிரிந்திருந்தால் சத்தம் ஓடு தட்டுவது போல் மேலோட்டமாக இருக்கும். தளத்துக்கு அடியில் மண்ணே இறங்கியிருந்தால் சத்தம் ஆழத்திலிருந்து வரும், குதிகாலால் மிதித்தால் அதிர்வும் தெரியும். முதல் வகையில் கல்லை எடுத்துப் பதித்தால் போதும். இரண்டாவதற்குத்தான் அடுத்த பதில்.

5. சுண்ணாம்புத் தளத்துல பெயர்ந்த இடத்தை எப்படி ஒட்டுப் போடறது?

சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே நல்ல தளம் தட்டுப்படும் வரை கையுளியால் கொத்துங்கள். பிரேக்கர் மெஷின் உள்ளே வரவே கூடாது, அதன் அதிர்ச்சியில் பக்கத்தில் கெட்டியாக இருப்பதும் விட்டுப்போகும். ஓரங்களைச் சதுரமாக வெட்டி, அடிப்பக்கம் சற்று உள்வாங்கலாக விடுங்கள். அப்போது புதுத் தளம் பழையதைக் கவ்விப் பிடிக்கும். அடியில் உள்ள பொருமின மண்ணை அள்ளிவிட்டு, தண்ணீர் தெளித்து, அரையடி அரையடியாக மண் போட்டுத் திமிசு கட்டையால் இடியுங்கள். மேலே 2 அங்குலம் மணல்.

செங்கல் ஜல்லி நன்கு வெந்த கல்லில் உடைத்ததாக இருக்க வேண்டும். அதை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள், காய்ந்த ஜல்லி கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கலவைக்கு ஒரு பங்கு நீற்றின சுண்ணாம்பு, இரண்டு பங்கு சுர்க்கி என்ற செங்கல் பொடி. ஜல்லியின் அளவில் ஏறத்தாழ பாதி கலவை பிடிக்கும். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதாக இருந்தால் தொட்டியில் தண்ணீரை வைத்து அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெட்டின ஓரங்களை நனைத்து, பழைய தளத்தைவிட ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி கொட்டி, மரக்கட்டையால் அடிக்கத் தொடங்குங்கள். உயிர் இந்த அடியில்தான் இருக்கிறது. முதல்நாள் மெதுவாகவும் நெருக்கமாகவும் அடிக்க வேண்டும், பிறகு தினமும் கடுக்காய் ஊறிய தண்ணீரில் வெல்லம் கரைத்துத் தெளித்தபடி அடிக்க வேண்டும். அரசு வேலைகளுக்கான விவரக்குறிப்பே மொட்டைமாடிச் சுண்ணாம்புத் தளத்தைக் குறைந்தது 7 நாள் அடிக்கச் சொல்கிறது. கட்டை பதியாமல் திரும்பித் துள்ளி எழ வேண்டும், அடித்த இடத்தில் தழும்பு விழக் கூடாது. அதுவரை நிறுத்தாதீர்கள். பிறகு ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம், பத்து நாள் வைத்திருந்து, நிழலில் மெதுவாக உலர விடுங்கள்.

6. அவ்வளவு பாடு எதுக்கு? சிமெண்ட்ல போட்டா இன்னும் பலமாத்தானே இருக்கும்?

அந்தப் பலம்தான் சிக்கல். பழைய காரைத் தளம் சற்று நெகிழும், ஈரத்தை வாங்கித் திரும்ப விடும். நடுவில் வைத்த சிமெண்ட் துண்டு நெகிழாது. வெயிலிலும் ஈரத்திலும் இரண்டும் வெவ்வேறு அளவில் அசையும். கடைசியில் உடைவது பலவீனமான பக்கம், அதாவது நீங்கள் காப்பாற்ற நினைத்த பழைய தளம். சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் சிமெண்ட் ஒட்டு மட்டும் பத்திரமாக இருக்கும், அதைச் சுற்றி ஒரு சதுர விரிசல் ஓடியிருக்கும்.

இன்னொன்று உப்பு. சிமெண்ட்டில் கரையக்கூடிய உப்புகள் உண்டு. ஓதத்தோடு சேர்ந்து அவை பக்கத்துக் காரையிலும் கல்லிலும் ஏறி வெள்ளையாகப் பூக்கும், மேற்பரப்பு பொரிந்து உதிரும். பழைய தளமே சிமெண்ட் கான்கிரீட் என்றால் சிமெண்ட்டில் ஒட்டுவதில் தவறில்லை. அங்கேயும் பழையதைவிடக் கெட்டியான கலவை வேண்டாம். எந்தத் தளமானாலும் மேலே வருவது அடியில் இருப்பதைவிட வலுவாக இருக்கக் கூடாது.

7. தரையில ஓதம் அடிக்குது. தளத்துக்கு அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுட்டா நின்னுடும்ல?

தரையில் நிற்கும், சுவரில் ஏறும். பழைய சுவர்களில் ஓதத் தடுப்பு அடுக்கு பெரும்பாலும் கிடையாது. மண்ணிலிருந்து வரும் ஈரம் இத்தனை காலம் தரை முழுதும் பரவி ஆவியாகிக்கொண்டிருந்தது. ஷீட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் ஓரங்களுக்கு ஒதுங்கிச் சுவர் வழியே மேலே போகும். தரை காய்ந்தது என்று சந்தோஷப்படுகிற நேரத்தில் சுவர்ப் பூச்சு இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பொரியத் தொடங்கும். அறை முழுதும் விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது முதல் வேலை. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை வெறும் தளத்தின் மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் முத்து கோத்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் மட்டும் ஈரமானால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது, சன்னலைத் திறந்து வைப்பதுதான் அதற்கு வைத்தியம். மண்ணிலிருந்து வருகிறதென்றால் வெளிச்சுவரோரத் தண்ணீரை விலக்குங்கள்: கூரைத் தண்ணீர் விழும் இடம், செடிக்கு ஊற்றும் இடம், அடைத்துக்கொண்ட சாக்கடை. பாதி வீடுகளில் இதோடு பிரச்சினை அடங்கிவிடும்.

8. தெரு உசந்துபோச்சு. மழை வந்தா தண்ணி உள்ளே வருது. தளத்தை ரெண்டடி உசத்திடலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனசு கனக்கிறது, ஏனென்றால் தப்பு வீட்டுக்காரருடையது இல்லை. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் திண்ணையே தெருவுக்குக் கீழே போன வீடுகள் எத்தனையோ. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டடி உயர்த்தினால் நிலைக்கதவின் கீழ்ப்பாகம் புதையும், மரம் ஈரமண்ணில் உளுத்துப்போகும், சன்னல் முழங்காலுக்கு வரும், தூண் அடிக்கல் மறையும், மாடிப்படியின் முதல் படி இல்லாமலே போகும். வாசலில் ஒரு தடுப்புப்படி, முற்றத்துத் தண்ணீருக்கு ஒரு தொட்டியும் பம்பும், தெருப்பக்கச் சுவரோரம் ஜல்லி நிரப்பிய வடிகால். இந்த மூன்றையும் செய்து ஒரு மழைக்காலம் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் உயர்த்துவதைப் பற்றிப் பேச வேண்டும், அதுவும் பழைய கட்டடங்களைப் பேணுவதில் பழகிய ஒரு கட்டடக் கலைஞரை வைத்துக்கொண்டு.

9. உடைக்காம, மேலேயே செல்ஃப் லெவலிங் ஊத்தி டைல்ஸ் ஒட்டலாமா?

செல்ஃப் லெவலிங் என்பது ஊற்றினால் தானே பரவி மட்டமாகும் கலவை. கெட்டியான, ஓதமில்லாத சிமெண்ட் தளம் என்றால் சரி. 7-ஆவது பதிலில் சொன்ன பிளாஸ்டிக் சோதனையை முதலில் செய்யுங்கள். எண்ணெய், மெழுகு, பழைய பெயிண்ட் எல்லாம் போகும்படி தேய்த்து, பொருமல் இடங்களைக் கொத்திச் சரிசெய்து, பிரைமர் அடித்து, மூட்டையில் அச்சிட்டிருக்கும் கனத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். சுவரோரம் ஒரு மெல்லிய ஃபோம் பட்டை வைத்துவிட்டால் தளம் அசைய இடமிருக்கும்.

சுண்ணாம்புத் தளத்தின் மேல் வேண்டாம். 6-ஆவது பதிலில் சொன்ன காரணமே இங்கும் பொருந்தும். கெட்டியான மெல்லிய தகடு காயும்போது சுருங்கும், சுருங்கும்போது அடியில் இருக்கும் பழைய காரையின் தோலையே உரித்துக்கொண்டு மேலெழும். மேலும், நாளைக்கு உங்கள் பிள்ளைகள் பழைய தரையைத் திரும்பக் கொண்டுவர நினைத்தால் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

10. மாடித் தளம் நடுவுல தொங்குது. 2 அங்குலம் கலவை போட்டு நிரப்பிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். ஒரு சதுர அடியில் ஓர் அங்குலக் கனத்துக்குக் கலவை போட்டால் ஏறத்தாழ 5 கிலோ. 10-க்கு 20 அடி அறையில் 2 அங்குலம் என்றால் 2 டன். சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 100 கிலோவுக்கு மேல். வீட்டு அறையில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் இந்தியத் தரநிர்ணயம் கணக்கு வைக்கிறது. அதில் பாதியை, ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் தளத்தின் நடுவில், நிரந்தரமாக ஏற்றி வைக்கிறீர்கள்.

பழைய மாடிகள் பலவும் மெட்ராஸ் டெரஸ் அமைப்பு. தேக்கு அல்லது பனைச் சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை நெட்டாக நிறுத்திச் சாய்வரிசையாகச் சுண்ணாம்பில் கோத்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லித் தளம். தொங்குகிறதென்றால் முதலில் கீழே இருந்து சட்டங்களைப் பாருங்கள். குறிப்பாகச் சுவருக்குள் நுழையும் முனைகள்: அங்கேதான் காற்றில்லாமல் ஈரம் தங்கி உளுக்கும். ஒரு கூர்மையான கம்பியால் குத்திப் பாருங்கள். ஓரிரு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆழத்தில் நின்றால் நல்ல மரம். வெண்ணெயில் போவது போல் இறங்கினால், கீழே முட்டுக் கொடுத்துவிட்டு அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மரம் நன்றாக இருந்து, நாளடைவில் வளைந்தது மட்டும்தான் என்றால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். சமன் வேண்டியே தீருமென்றால் எடையைக் கூட்டாமல் செய்ய வேண்டும். பின்னாளில் யாரோ போட்ட சிமெண்ட் அடுக்கைக் கையுளியால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓரத்தில் மெலிதாகவும் நடுவில் கனமாகவும் சுண்ணாம்புத் தளம் போடலாம். எடுத்ததையும் போடுவதையும் எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

11. எங்களது 1950-கள்ல போட்ட ஆர்.சி.சி. மாடி. தரையில நீளமா விரிசல், கீழே சீலிங்ல கம்பி தெரியுது. மேலே பூசினா போதுமா?

போதாது. கான்கிரீட்டுக்குள் வைத்த இரும்புக் கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அதைக் குறைத்துவிடும். புதிதாக உடைத்த இடத்தில் பினாஃப்தலீன் கரைசல் தெளித்தால் கெடாத பகுதி இளஞ்சிவப்பாகும், கெட்ட பகுதி நிறம் மாறாது. அந்த எல்லை கம்பியைத் தாண்டிவிட்டதா என்று பார்ப்பதுதான் முக்கியம். கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும், அதற்குத் தனிச் சோதனை உண்டு.

இது பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை. அதுவரை மேலே எந்த எடையும் ஏற்றாதீர்கள். 10-ஆவது பதிலில் உள்ள கணக்கு இங்கும் அப்படியே பொருந்தும்.

12. ஆத்தங்குடிக் கல்லை எடுத்துட்டுத் தளத்தைச் சரிபண்ணி, அதே கல்லைத் திரும்பப் பதிக்க முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்ட்டும் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. அதனால் முனை எளிதில் உடையும். ஏற்கெனவே ஆடும் கல்லிலிருந்து தொடங்கி, அடியில் தட்டையுளியைப் படுக்கையாக விட்டுப் பெயர்க்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே அறையைப் படம் எடுத்து, வரிசை எண்ணை ஒவ்வொரு கல்லின் பின்புறமும் எழுதிவிடுங்கள். பழைய கற்கள் தேய்மானத்தில் ஒன்றுக்கொன்று கனம் மாறியிருக்கும். எண் மாறினால் விளிம்பு இடிக்கும்.

உடைந்தவற்றுக்கு ஆத்தங்குடியிலேயே பழைய வடிவத்தில் செய்து வாங்கலாம். புதுக் கற்களை நடுவில் வைக்காமல் ஓரத்துக்கும் கட்டிலுக்கு அடியிலும் கொண்டுபோய், ஓரத்துப் பழைய கற்களை நடுவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

13. அனுமதி எதுவும் வாங்கணுமா?

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்றால் ஒரு கல்லைக்கூட அவர்கள் அனுமதியின்றித் தொடக் கூடாது. அப்படிப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட எல்லை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட எல்லை. உங்கள் வீடு இவற்றுக்குள் வந்தால் பழுதுபார்ப்புக்கும் கேட்க வேண்டும். சென்னையில் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் சி.எம்.டி.ஏ.வை (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) விசாரியுங்கள். பட்டியலில் இல்லாத சொந்த வீட்டுக்குள் தளம் பழுதுபார்க்க பொதுவாக யாரும் கேட்பதில்லை. ஆனால் பங்காளிகளுக்குச் சொந்தமான பொது வீடு என்றால் உளி எடுப்பதற்கு முன் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

14. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளே இல்லைங்கறாங்க. எப்ப ஆரம்பிக்கலாம், எவ்வளவு நாள் பிடிக்கும்?

ஆள் இருக்கிறார்கள், தேடும் இடம்தான் வேறு. கோயில் திருப்பணி நடக்கும் இடங்களிலும், காரைக்குடி, புதுச்சேரி பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் இடங்களிலும் விசாரியுங்கள். மேஸ்திரி ஒருவர் தெரிந்தவராக இருந்தால் போதும், அடிக்கிற வேலையைச் சித்தாட்கள் பார்த்தே பழகிவிடுவார்கள். அவர் முன்பு போட்ட தளத்தை நேரில் போய், 4-ஆவது பதிலில் சொன்னபடி தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கூலியைச் சதுர அடிக்குப் பேசாமல் நாள் கணக்கில் பேசுங்கள். சதுர அடிக் கணக்கில் பேசினால் முதலில் குறைவது அடிக்கும் நாட்கள்தான்.

மழைக்காலம் முடிந்து தை, மாசியில் தொடங்குவது நல்லது. சித்திரை வெயிலில் தளம் வேகமாகக் காய்ந்து வெடிக்கும், ஐப்பசியில் காயவே காயாது. ஒரு சாதாரண அறையில் ஒட்டுப் போட்டு, அடித்து, ஈரம் காத்து, மேலே கல் பதிக்கத் தயாராக ஒன்றரை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு முழுதாக இறுக மாதக்கணக்கில் ஆகும் என்பதால், கல் பதித்த பிறகும் பீரோ, கட்டில் போன்ற கனமானவற்றை அந்த இடத்தில் உடனே வைக்க வேண்டாம். நடக்கலாம், பாய் விரித்துப் படுக்கலாம்.